வீடு கைமாறினால் வரி ஏறுமா?

"நான் வீட்டை வாங்கினதுக்கு எதுக்கு சாரே வரியை ஏத்துதீங்க?" குமரி மாவட்டத்துப் பேரூராட்சி அலுவலகங்களில் வரி கட்டும் ஜன்னலுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேட்பவர் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். பத்திரம் முடிந்தது, பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்தார், புதுப் பெயரில் ரசீது வரும்போது தொகையும் புதிதாக வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பில் கலெக்டரோ, "பெயரை மாத்தினதுக்காக வரி கூடல, அண்ணாச்சி" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். நடுவில் என்ன நடந்தது என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் ஒருவர் ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்துப் போகிறார், இன்னொருவர் அடுத்த ரசீதைப் போடுகிறார்.

தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டடத்தைப் பார்த்து விதிக்கப்படுகிறது. அதை யார் வாங்கினார், எத்தனை லட்சத்துக்கு வாங்கினார் என்பது கணக்கில் வராது. ஆனால், பல வருடங்களாக யாரும் தொடாமல் கிடந்த கோப்பைப் பெயர் மாற்ற மனு திறக்க வைக்கிறது. கோப்பில் இருக்கும் வீடும் தெருவில் நிற்கும் வீடும் வேறு வேறாக இருந்தால் அன்றைக்குத்தான் தெரியவரும். வரி ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய உரிமையாளர் எப்போதோ போட்ட மாடி. பில் வருவது மட்டும் புது உரிமையாளர் பெயருக்கு.

முதலில் வரி எதன்மேல் போடப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். நகர்ப்புற உள்ளாட்சிகளில் அடிப்படை, அந்தக் கட்டடத்துக்கு நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்ற மதிப்பு. நீங்கள் உண்மையில் வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர அடிக்கு ஒரு மதிப்பு வைத்திருப்பார்கள். நாகர்கோவிலில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீதிக்கும் ஊர் ஓரத்துச் சந்துக்கும் மதிப்பு ஒன்றாக இருக்காது. அதன்மேல் கட்டடத்தின் பரப்பு, குடியிருப்பா கடையா என்ற பயன்பாடு, ஓடா கான்கிரீட்டா என்ற கட்டுமான வகை, வயது ஆகியவை சேர்கின்றன. இதில் எங்கேயும் உரிமையாளர் பெயர் என்றொரு கட்டம் இல்லை, விற்பனை விலை என்றொரு கட்டமும் இல்லை. 30 லட்சத்துக்குக் கைமாறினாலும் 70 லட்சத்துக்குக் கைமாறினாலும் பரப்பும் பயன்பாடும் மாறாத வரை வரி அதேதான்.

இந்த இடத்தில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. விளவங்கோடு பக்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தம் இருக்கும். கல்யாண வீட்டில் பேச்சு வரும்போது, "கிரானைட் போட்டா வரி கூடும், பெரிய வீடு கட்டினா தாசில்தார் ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாங்க" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது கேரளக் கணக்கு. அங்கே 2011 முதல் வந்த விதிகளில் தளப் பரப்பு அடிப்படை. அதோடு தரையில் பதித்தது என்ன, வீட்டுக்கு ஏசி வசதி உண்டா, எப்படிப்பட்ட சாலை வந்து சேர்கிறது என்பதெல்லாம் வரியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அது போக, வருவாய்த் துறை வசூலிக்கும் ஒருமுறைக் கட்டட வரி ஒன்று 1975 சட்டப்படி உண்டு. 278.7 சதுர மீட்டரை, அதாவது சுமார் 3,000 சதுர அடியை, எட்டும் வீடுகளுக்கு ஆண்டுதோறும் ஆடம்பர வரியும் வரும். இவை எல்லைக்கு இந்தப்பக்கம் இல்லை. உங்கள் வீட்டுத் தரையில் சிமெண்ட் பூசியிருந்தாலும் மார்பிள் விரித்திருந்தாலும் குழித்துறை நகராட்சிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் மருமகன் சொல்வது இன்னொரு கணக்கு. கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவின்படி, வீடு வாங்கிய அன்றைய மதிப்பில் சுமார் 1 சதவீதம் அடிப்படை வரி. அந்த மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏற முடியும். வீடு விற்கப்பட்டால் மதிப்பு அன்றைய சந்தை நிலவரத்துக்குத் தாவிவிடும். புதிதாக ஓர் அறை கட்டினால் அந்த அறைக்கு மட்டும் புது மதிப்பு; பழைய பகுதி பழைய மதிப்பிலேயே நிற்கும். அதனால் அங்கே அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே அளவு வீட்டுக்கு ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசத்தில் வரி கட்டுவது சகஜம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வீட்டுக்கு இருந்த சலுகையையும் 2021 பிப்ரவரியில் சுருக்கிவிட்டார்கள். "வீடு கைமாறினால் வரி ஏறும்" என்று இணையத்தில் படித்துவிட்டு வந்து இங்கே தகராறு செய்பவர்கள், இந்த ஊர்ச் சட்டத்தைத்தான் படித்தோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, நம் ஊருக்கு வருவோம். விற்பனையின்போது உள்ளாட்சிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். கிரயப் பத்திரத்துக்கு நாம் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் சொத்து மாற்றத்துக்கான கூடுதல் தீர்வை. அது உள்ளாட்சிகளுக்காக வசூலிக்கப்படுவது. கைமாறியதற்கான பங்கை உள்ளாட்சி இப்படி ஒரே தடவையில் வாங்கிக்கொள்கிறது. அதன்பிறகு ஆண்டாண்டுக்கு வரும் வரியில் விற்பனைக்கு எந்த வேலையும் இல்லை.

பத்திரப்பதிவு முடிந்ததும் எல்லாம் நம் பெயருக்கு வந்துவிட்டது என்ற எண்ணம் பலருக்கு. பதிவுத்துறைக்குப் பத்திரம், வருவாய்த் துறைக்குப் பட்டா, உள்ளாட்சிக்கு வரிப் புத்தகம், மின்வாரியத்துக்கு இணைப்பு எண் என்று ஆளுக்கொரு பதிவேடு. ஒன்றில் மாறினால் மற்றதில் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. உட்பிரிவு தேவைப்படாத மனைகளுக்குப் பத்திரம் பதிந்ததும் பட்டா தானாக மாறும் வசதி வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டு வரியும் மாறியிருக்கும் என்று விட்டவர்கள், பத்து வருடம் கழித்து வங்கிக் கடனுக்கு ரசீது கேட்கும்போதுதான் அதில் இன்னும் விற்றவரின் மாமனார் பெயர் இருப்பதைப் பார்ப்பார்கள்.

நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் நெடுங்காலம் ஆண்ட 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதில் தெளிவாக இருந்தது. பத்திரம் மூலம் உரிமை மாறினால் மூன்று மாதத்துக்குள் விற்றவர், வாங்கியவர் இருவரும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இறப்பின் மூலம் மாறினால் வாரிசுக்கு ஓராண்டு அவகாசம். தெரிவிக்காவிட்டால், விற்றவரே தொடர்ந்து வரிக்குப் பொறுப்பு. 2023 ஏப்ரல் 13 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. சட்டம் மாறினாலும் உரிமை மாற்றத்தை அலுவலகத்துக்குச் சொல்லும் பொறுப்பு நம்மைவிட்டுப் போகவில்லை. விற்றவருக்கும் இதில் அக்கறை வேண்டும் என்பதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பணத்தை வாங்கி எண்ணி வைத்ததோடு கதை முடிந்தது என்று போனால், வரியைக் கட்டச் சொல்லும் கேட்பு அறிவிப்பு அவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.

பெயர் மாற்ற மனுவோடு பத்திர நகல், கடைசியாக வரி கட்டிய ரசீது, அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்பார்கள். சில இடங்களில் வில்லங்கச் சான்றும் கேட்பதுண்டு. நிலுவை ஒரு ரூபாய் இருந்தாலும் மனு நகராது. சிக்கல் தொடங்குவது பத்திர நகலில்தான். வீட்டோடு சேர்த்துக் கிரயம் செய்யும்போது கட்டடத்தின் பரப்பு, கூரை வகை, வயது எல்லாம் எழுதிய விவரப் படிவம் ஒன்று பத்திரத்தோடு போகும். முத்திரைத் தீர்வைக்கு மதிப்புக் கணக்கிட அது வேண்டும். கடன் வாங்கிக் கிரயம் முடிப்பவர் என்றால் வங்கியின் மதிப்பீட்டாளரும் வந்து டேப்பைப் பிடித்து அளந்திருப்பார். ஆக, பத்திரத்தில் "தரைத்தளம் 820, முதல் தளம் 640 சதுர அடி" என்று பளிச்சென்று இருக்கும். பேரூராட்சிக் கணக்கில் அதே கதவு எண்ணுக்கு "ஓட்டு வீடு, 540 சதுர அடி" என்று 1990-களில் யாரோ எழுதியது இருக்கும். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் வருவாய் உதவியாளர் நேரில் ஒருமுறை வந்து பார்க்கத்தான் செய்வார். மனுவைக் கொடுத்தது நீங்கள், ஆதாரத்தைக் கொடுத்ததும் நீங்கள்.

ஓடு எடுத்து கான்கிரீட் போட்ட வீடுகள் இந்த மாவட்டத்தில் எக்கச்சக்கம். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் மண் இது; கூரை ஓடுகளைப் பிரித்து மாற்றுவதே தனி வேலை. 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் வந்து போன பிறகு, இனி ஓடு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. வளைகுடாவில் இருந்து பணம் வரவர அறை அறையாக நீண்ட வீடுகளும், தங்கைக்குக் கல்யாணம் பேசியதும் அவசரமாக மாடி ஏறிய வீடுகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இவற்றில் எத்தனை வீட்டுக்காரர்கள் வேலை முடிந்ததும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள்? பழைய சட்டம் கட்டி முடித்த அல்லது குடியேறிய 15 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்றது. சொன்னவர்கள் அபூர்வம். அதனால்தான் வாங்குபவர் தலையில் மொத்தமாக விடிகிறது.

மறுமதிப்பீடு என்று வந்துவிட்டால், இன்றிலிருந்து கணக்குப் போட்டு விட்டுவிடவும் மாட்டார்கள். கட்டடம் எப்போது எழுந்தது என்று பார்த்து, முந்தைய அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்க இடம் உண்டு. விற்றவர் காலத்து வரியை நான் ஏன் கட்ட வேண்டும் என்பது இயல்பான கோபம். ஆனால் சொத்து வரி சொத்தின்மேல் நிற்கும் முதல் பொறுப்பு. நில வரிக்கு அடுத்து மற்றக் கடன்களுக்கெல்லாம் முன்னால் வருவது. வீடு யாரிடம் போகிறதோ பாக்கியும் அங்கே போகும். அலுவலகம் உங்களிடம்தான் கேட்கும். விற்றவரிடம் நீங்கள் வாங்கிக்கொள்ள முடியுமா என்பது அட்வான்ஸ் கொடுத்தபோது எழுதிய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தரகர்கள் எழுதும் ஒப்பந்தங்களில் "இன்றுவரையுள்ள வரி பாக்கிகளை விற்பவர் செலுத்திவிட வேண்டியது" என்று ஒரு வரி இருக்கும். அது ரசீதில் தெரியும் பாக்கிக்குப் போதும். இன்னும் விதிக்கப்படாமல் பின்னால் வரப்போகும் வரிக்கு அது போதுமா என்று இரண்டு பேர் இரண்டு விதமாக வாதாடலாம். "கிரயத் தேதிக்கு முந்தைய காலத்துக்குப் பின்னால் விதிக்கப்படும் வரியும் விற்பவர் பொறுப்பு" என்று இன்னொரு வரி சேர்த்தால் தீர்ந்தது. வீடு பார்க்கப் போகும்போதே பரப்பைத் தோராயமாக அளந்துகொண்டு, வரிவிதிப்பு எண்ணை வாங்கி அலுவலகக் கணக்கில் எத்தனை சதுர அடி ஏறியிருக்கிறது என்று விசாரித்துவிட்டால் பேரம் பேசவும் ஒரு பிடி கிடைக்கும்.

குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றங்கள் வேறு ரகம். அம்மா மகளுக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, அப்பா இறந்த பிறகு வாரிசுப் பெயருக்கு மாற்றுவது ஆகியவற்றிலும் பெயர் மாற்றத்தால் வரி ஏறாது. வாரிசு விஷயத்தில் இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். தாத்தா பெயரில் இருக்கும் ரசீதை மூன்றாம் தலைமுறை கட்டிக்கொண்டிருப்பது இங்கே சாதாரணம். பிரமாணமே, அதாவது பத்திரமே, மலையாளத்தில் எழுதிய, திருவிதாங்கூர் காலத்து வீடுகளில் பெயர் ஒரு பக்கமும் வாழ்பவர்கள் இன்னொரு பக்கமுமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இங்குள்ள தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-இல்தான். கட்டிக்கொண்டிருக்கிற வரை யாரும் கேட்கப்போவதில்லை என்று விட்டால், ஒரு நாள் எல்லா வாரிசுகளையும் ஒரே மேஜைக்குக் கூட்டிவர வேண்டிவரும். அதில் ஒருவர் மும்பையிலும் ஒருவர் தோஹாவிலும் இருப்பார்.

பாகப்பிரிவினையில் ஒரு நுணுக்கம். கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேல்தளம் தம்பிக்கு என்று பிரித்தால், ஒரே வரிவிதிப்பு எண்ணை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். பிரித்தால் மொத்தப் பரப்பு அப்படியேதான் இருக்கும். ஆனால் பிரிக்க அளக்க வேண்டும். அளந்தால், பின்பக்கம் சேர்த்த குளியலறையும் மொட்டை மாடியில் ஷீட் போட்டுச் சுவர் எழுப்பிய அறையும் வெளியே வரும். பிரித்ததால் வரி கூடிவிட்டது என்று தம்பி அண்ணனைக் குறை சொல்வார்.

என்ன வேலை செய்தால் வரி ஏறும், எதற்கு ஏறாது என்பதில் சுருக்கமாக ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்: பரப்பு, பயன்பாடு, கூரை. இந்த மூன்றில் ஒன்று மாறினால் ஏறும். பெயின்ட், டைல்ஸ், மாடுலர் கிச்சன், தேக்குக் கதவு, புது கேட், கிணற்று மோட்டார் ஆகியவை எத்தனை லட்சம் தின்றாலும் வரிக்கு அவை இல்லை. மொட்டை மாடியில் போடும் ஷீட்டில்தான் சண்டை. மழைக்காகவும் வெயிலுக்காகவும் நான்கு பக்கமும் திறந்து போட்ட ஷீட்டைக் கட்டடப் பரப்பில் சேர்க்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் கட்சி. சுவர் வைத்து, கதவு வைத்து, ஆள் தங்கினால் அது தளம் என்பது அலுவலகக் கட்சி. இரண்டாவது சரிதான். சிக்கல், இடுப்பளவு சுவர் வைத்த ரகங்களில். அங்கே ஒரு போட்டோ எடுத்து வைத்திருப்பவர் பக்கம் வாதம் கொஞ்சம் வலுவாக இருக்கும்.

எண்களோடு ஒருமுறை பார்ப்போம். கீழே உள்ள விகிதங்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. எந்த ஊரின் உண்மை விகிதமும் இல்லை. தக்கலை பக்கம் 800 சதுர அடி வீடு ஒன்று. அரையாண்டுக்குச் சதுர அடிக்கு 60 பைசா என்றால் வரி 480 ரூபாய். வீட்டுக்காரர் மேலே 500 சதுர அடி மாடி எழுப்புகிறார். புதுக் கட்டடம், பழைய கட்டடத்துக்குக் குறைத்துத் தரும் வயதுக் கழிவு இல்லை, அதனால் 70 பைசா என்று வைப்போம். 350 ரூபாய் கூடி 830 ஆகிறது. பிறகு முன்னறையில் 120 சதுர அடியை எடுத்து மொபைல் கடைக்கு விடுகிறார். கடைக்குச் சதுர அடிக்கு 2 ரூபாய் என்றால், அந்த 120 சதுர அடிக்கு 72 ரூபாய் போய் 240 ரூபாய் வரும். மொத்தம் 998. ஒரு செங்கல்கூட வைக்காமல் 168 ரூபாய் ஏறியிருக்கிறது. சதுர அடிக் கணக்கில் பார்த்தால் கடை போட்டது மாடி கட்டியதைவிட இரண்டு மடங்கு கடித்திருக்கிறது. மாடி கட்டினால் வரி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கதவை மாற்றி ஷட்டர் போட்டால் வரி வரும் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. கன்னியாகுமரியில் வீட்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுபவர்களுக்கும் இது பொருந்தும். கடைக்கு என்று தனி மின் இணைப்பு வாங்கியிருந்தால், வரிப் புத்தகத்தில் குடியிருப்பு என்று இருப்பதும் மின் அட்டையில் வணிகம் என்று இருப்பதும் ஒருநாள் ஒன்றாக மாட்டும்.

இதோடு நூலக வரி என்று ரூபாய்க்கு 10 பைசா சேரும். அது சொத்து வரியின்மேல் கணக்கிடப்படுவதால், அடிப்படை ஏறினால் அதுவும் கூடவே ஏறும். குடிநீர்க் கட்டணமும் குப்பைக்கான கட்டணமும் தனிக்கணக்கு.

வீட்டில் எந்த மாற்றமும் செய்யாமல் ஏறும் வரியையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சென்னை தவிர்த்த நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008-க்குப் பிறகு பெரிய சீராய்வு இல்லாமல் இருந்தது. 2018-இல் ஏற்றிவிட்டு 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் வந்ததுதான் இப்போதைய ரசீதுகளின் அடித்தளம். குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். கடைகளுக்கு 100 சதவீதம். இங்கேயும் பழைய கதைதான்: கணக்கில் 540 சதுர அடி என்று கிடந்த வீட்டுக்கு, உண்மையில் அது 1,460 ஆக இருந்தாலும், 25 சதவீதம்தான் ஏறியிருக்கும். ஒழுங்காகச் சொல்லிக் கட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கு 75 சதவீதம். அவர் இதைப் பற்றி என்ன நினைப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. 2023 விதிகளில் ஆண்டுக்கு ஆண்டு 6 சதவீதம் ஏற்றும் ஏற்பாடும் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் பல ஊர்களில் அப்படி ஏறியது. உங்கள் ரசீதில் சிறிதாக, எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் அது இந்த ரகம். உங்கள் ஒருவருக்கு மட்டும் திடீரென்று இரண்டு மடங்கானால், யாரோ உங்கள் வீட்டை அளந்திருக்கிறார்கள்.

மாவட்டத்தில் எந்த உள்ளாட்சியின் கீழ் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறையோடு 2021-இல் கொல்லங்கோடும் நகராட்சி வரிசையில் சேர்ந்தது. ஏறத்தாழ 50 பேரூராட்சிகள் இருப்பது தமிழ்நாட்டில் வேறு பல மாவட்டங்களில் பார்க்க முடியாதது. மிச்சம் கிராம ஊராட்சிகள். ஊராட்சிகளில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி; பரப்பும் கூரை வகையும்தான் பிரதானம், தொகையும் குறைவு. அங்கே பெயர் மாற்றத்துக்கு ஊராட்சி செயலரைப் பார்க்க வேண்டும், பேரூராட்சியில் மனு செயல் அலுவலருக்குப் போகும். இந்த ஊரில் ஒரு சாலையைக் கடந்தால் பேரூராட்சி முடிந்து ஊராட்சி வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் கட்டும் வரியை வைத்து உங்கள் வரி தப்பு என்று வாதாடுவதற்கு முன் அவர் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சியாக இருந்த பகுதி நகரத்தோடு சேர்க்கப்பட்டால் கணக்கிடும் முறையே மாறும். ஊர்களை நகரத்தோடு சேர்ப்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எதிர்ப்பில் முதலில் வருவது இந்த வரி பயம்தான்.

கட்டட அனுமதிக்கும் வரிக்கும் உள்ள உறவையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர் இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கலாம். பணி முடிவுச் சான்றும் வேண்டாம். ஆக, கட்டி முடித்ததை அலுவலகம் தானாகத் தெரிந்துகொள்ளும் ஒரு வழி குறைந்திருக்கிறது. ஆனால் வரைபடம் இப்போது அவர்கள் கணினியில் இருக்கிறது. இன்னொன்று, அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடிக்கும் வரி போடுவார்கள். வரி போட்டதால் அது அனுமதி பெற்ற கட்டடம் ஆகிவிடாது. வரி ரசீது உரிமைக்கான ஆவணமும் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "நாங்கதானே முப்பது வருஷமா வரி கட்டுதோம்" என்ற வாதம் மட்டும் ஓயவில்லை.

புது மதிப்பீட்டுக்கு அறிவிப்பு வந்தால் சத்தம் போடுவதைவிட எழுதிக் கொடுப்பதே வழி. அறிவிப்பில் ஆட்சேபத்துக்கு நாள் குறித்திருப்பார்கள். அதற்குள் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். "வரி அதிகம், குறைக்கவும்" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. எந்தப் பரப்பு தவறு, எந்த மண்டலம் தவறு, எந்த அறை கடை இல்லை, கட்டடம் கட்டியது எந்த வருடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மறு அளவீடு கேட்கலாம். கட்டிய வருடத்தை நிரூபிக்க மின் இணைப்பு அட்டை, பழைய ரசீது, வங்கிக் கடன் தாள் ஏதாவது கைகொடுக்கும். பின்னோக்கிக் கேட்கும் அரையாண்டுகளும் வயதுக் கழிவும் அதில்தான் இருக்கின்றன. அலுவலகத்தில் தீராவிட்டால், மாநகராட்சியிலும் நகராட்சியிலும் மன்ற உறுப்பினர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு உண்டு. தகராறு நடக்கும்போது பழைய தொகையைக் கட்டாமல் நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கும், அதிகபட்சம் 5,000 ரூபாய்.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இறங்கவும் செய்யும். கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்தாலோ, கடையை மூடி மறுபடி வீடாக்கினாலோ அதையும் எழுதிக் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம். காவல்கிணறு, நாகர்கோவில், களியக்காவிளை வழியாகப் போகும் நான்கு வழிச்சாலைக்காக முன்பகுதியை இழந்த வீடுகள் இருக்கின்றன. இழப்பீட்டுக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள், இடித்துப்போன திண்ணைக்கும் முன்னறைக்கும் இன்னும் வரி கட்டுகிறோமா என்று பார்த்திருக்க மாட்டார்கள். இடிபட்ட பரப்பு நிலமெடுப்பு ஆவணத்திலேயே எழுதியிருக்கும். அதன் நகலை இணைத்து மனுக் கொடுத்தால், மனு கொடுத்த அரையாண்டிலிருந்தாவது கணக்கு மாறும். அலுவலகம் தானாக வந்து அளந்து குறைத்துத் தரும் என்று காத்திருக்க வேண்டாம்.